மஞ்சள் ஜாக்கெட்டும் மார்கழி வெயிலும்

"மஞ்சள் ஜாக்கெட்டைப் போடுங்கோ தம்பி, பிறகு ஒரு பயமும் இல்லை." லண்டன் ரெய்னர்ஸ் லேனில் சைக்கிளில் வேலைக்குப் போகிற எனக்கு மாமியும் சொல்கிறார், பலசரக்குக் கடைக்காரரும் சொல்கிறார், கார் ஓடுகிற நண்பர்களும் சொல்கிறார்கள். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஐப்பசி தொடங்கி மாசி வரை இந்த ஊரில் அடிக்கிற சாய்வெயிலில் இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும்.

கடந்த டிசம்பரில் ஒருநாள், காலை ஒன்பதரை மணி. ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டி அலெக்சாண்ட்ரா அவெனியூவில் தெற்கே போய்க்கொண்டிருந்தேன். யானைத் துதிக்கை போல முகப்பு வைத்த அந்தப் பழைய தியேட்டரைக் கடந்ததும், பின்னால் வந்த கார் முழங்கையை உரசுகிற மாதிரி ஒட்டிப் போனது. அடுத்த சிக்னலில் ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார். நம்மவர்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. "தம்பி, சத்தியமா உங்களைக் காணேல்லை. வெயில் கண்ணுக்குள்ள அடிச்சிட்டுது."

நான் போட்டிருந்தது மஞ்சள் ஜாக்கெட். வெள்ளிப் பட்டையும் இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் துணி, வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரை வாங்கி மஞ்சளாக உமிழ்வதால்தான் அப்படிப் பளிச்சிடுகிறது. வெயில் விழுகிற பக்கம் மட்டுமே பளிச்சிடும். சூரியன் எனக்கு முன்னால் நின்றதால் மின்னியது என் நெஞ்சு. அவர் பார்த்தது நிழலில் இருந்த முதுகை. வெள்ளிப் பட்டை வந்த ஒளியை வந்த வழியே திருப்புவது. இரவில் ஹெட்லைட் பட்டால் மின்னும்; அந்தக் காலையில் அது வெறும் சாம்பல் நாடா. போதாததற்குக் காரின் முன்கண்ணாடி. உட்புறம் படிந்த மெல்லிய அழுக்கும் துடைத்த துணியின் கோடுகளும், சாய்வெயில் பட்டதும் ஒரே வெள்ளைத் திரையாகிவிடும். அதற்குள் மஞ்சள் கரைந்து போகும். சிலவேளை கறுப்புச் சட்டையாவது நிழலுருவாகத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடி வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத வெயில். அங்கே சூரியன் விறுவிறுவென்று மேலேறிவிடும். மார்கழி நடுப்பகலிலும் 57 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் அதே நாளில் உச்சமே 15 பாகைதான். காலையில் வேலைக்குப் போகும்போதும், மூன்று மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போதும் கண்ணுக்கு நேரே நிற்கிறது.

ஜாக்கெட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. டென்மார்க்கில் ஏறத்தாழ 6,800 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அதை அணிந்தவர்களுக்கு விபத்து கணிசமாகக் குறைந்தது. ஆனால் அது மழை, மூட்டம், மாலை எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. ஜாக்கெட்டைக் கவசமாக்கி, அடிபட்டவரைப் பார்த்து "ஜாக்கெட் போட்டிருந்தவரோ?" என்று முதல் கேள்வி கேட்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கேள்வி ஓட்டியவரிடம் போகவேண்டும். வெயிலில் கண் கூசினால் வேகத்தைக் குறை, தேவையென்றால் நிறுத்து என்று பிரிட்டனின் ஹைவே கோட் 93ஆம் விதியில் எழுதியே வைத்திருக்கிறார்கள். "வெயில் அடிச்சிட்டுது" என்று சொல்பவர், முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமலே ஆக்சிலரேட்டரை மிதித்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அதைக் கேட்டு நாம் "பாவம், அவரும் என்ன செய்வார்" என்கிறோம்.

இப்போது பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் ஓடுகிறேன். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் 2004-05இல் பகலிலும் எரியும் விளக்குகளைச் சைக்கிள்களில் பூட்டிப் பார்த்தபோது, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 19 சதவீதம் குறைந்தன. முதுகு நிழலில் இருந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். ஆனாலும் சூரியனோடு அது போட்டி போட முடியாது. அதனால் என் நிழலைப் பார்த்துக்கொண்டே போகிறேன். நிழல் முன்னால் நீண்டு கிடந்தால், எதிரே வந்து என் குறுக்கே திரும்பப் போகிறவருக்கு நான் தெரியமாட்டேன்; விரல் பிரேக்கில் இருக்கும். பின்னால் கிடந்தால், முதுகுப் பக்கம் வருகிறவருக்குத் தெரியமாட்டேன். அப்படியான காலைகளில் அலெக்சாண்ட்ரா அவெனியூவை விட்டு உள்வீதிகளால் சுற்றிப் போகிறேன். வேலைக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது.