பச்சோந்தி கடித்தால்...

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். வளர்த்த பச்சோந்தி கையைக் கடித்தால் என்ன சொல்வது? நன்றி கெட்ட பிராணி என்பார்கள் சிலர். நஞ்சுள்ள பிராணி, அடித்துக் கொல் என்பார்கள் பலர். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. குற்றம் கடித்த பிராணியின் மீது இல்லை; அதைக் கயிற்றில் கட்டி வைத்தவர்கள் மீது இருக்கிறது. நஞ்சும் அதன் வாயில் இல்லை. ஊர் வாயில்தான் இருக்கிறது. ஒரு பச்சோந்திக்காக இவ்வளவு வரிந்துகட்டிக்கொண்டு வரவேண்டுமா என்று நண்பர்கள் நகைக்கலாம். அந்தப் பிராணியின் மானத்தைக் காப்பாற்ற மட்டும் நான் எழுதவில்லை. இந்தச் சின்னக் கடிக்குப் பின்னால் மனித உயிர்களும் இருக்கின்றன. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் பிராணியைப் பார்ப்போம். நம்மில் பலர் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்போம். எங்கள் விலங்கியல் துறையின் கண்ணாடி அலமாரியில் ஒன்று இருக்கிறது. ஃபார்மலின் ஊற்றிய ஜாடிக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு, பழைய காகிதம்போல் வெளுத்துக் கிடக்கிறது. நிறத்துக்குப் பேர்போன பிராணிக்கு இப்படி ஒரு முடிவு! காமேலியோ ஜெய்லானிக்கஸ் என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். உலகத்தில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவிலும் அதை ஒட்டியும் வாழ்கின்றன. நம் நாட்டுக் காடுகளிலும் வேலிகளிலும் வாழ்வது இந்த ஓர் இனமே. இலங்கையிலும் உண்டு.

வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு ஓடுகிறதே, அந்த ஓணான் வேறு, இது வேறு. ஓணானுக்கு ஓட்டம் தெரியும். பச்சோந்திக்கு ஓடத் தெரியாது. காற்றில் ஆடும் இலையைப்போல முன்னும் பின்னும் அசைந்து அசைந்து, ஓர் அடி வைப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். ஐந்து விரல்களும் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து ஒட்டி, குறடுபோலக் கிளையைப் பற்றுகின்றன. இரண்டு கண்களும் இரண்டு திசையில் சுழல்கின்றன. முன்னால் வரும் பூச்சியை ஒரு கண்ணாலும் பின்னால் வரும் ஆளை மறு கண்ணாலும் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய பாக்கியம் தேர்வு மண்டபத்து மேற்பார்வையாளர்களுக்குக்கூட இல்லை!

இனி வாய்க்கு வருவோம். நாக்கு உடலைவிட நீளமானது. பூச்சியைக் கண்டால் அம்புபோலப் பாய்ந்து ஒட்டி இழுத்து வருகிறது. இந்த நாக்கைப் பார்த்துத்தான் பாதிப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் அது பசை தடவிய தூண்டில், அவ்வளவே. பற்கள் ரம்பத்தின் பற்களைப்போலச் சிறியவை. தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டியே வளர்ந்தவை. நம் பற்களைப்போலக் குழியில் ஊன்றியவை அல்ல. வெட்டுக்கிளியை நொறுக்குவதற்காக ஏற்பட்டவை. பாம்புக்கு இருப்பதுபோல் துளையுள்ள நச்சுப்பல் அதற்கு இல்லை. நச்சுச் சுரப்பியும் இல்லை. பல்லி வகையில் கொடிய நஞ்சுடையவை என்று பேர் வாங்கியவை கிலா மான்ஸ்டரும் அதன் உறவினமான மணிப்பல்லியும். அவை அமெரிக்கக் கண்டத்தில், மெக்சிகோவை ஒட்டிய வறண்ட பூமியில் இருக்கின்றன. அங்கிருந்து நம் ஊர்க் கருவேலங்காட்டுக்கு அவை வரப்போவதில்லை.

ஆக, பச்சோந்தி கடித்தால் வலிக்கும். பெரிய பச்சோந்தியானால் தோல் கிழிந்து இரத்தமும் வரலாம். வேறொன்றும் இல்லை. நாய்க்கடியைப்போல வெறிநோய் வருமோ என்று கேட்கிறார்கள். அந்நோய் பாலூட்டிகளின் நோய், ஊர்வனவற்றுக்கு வருவதில்லை.

எனக்கு வியப்பூட்டுவது கடி அல்ல. கடிக்கு முன்னால் அது செய்யும் காரியங்கள். அஞ்சிய பச்சோந்தியின் நிறம் முதலில் கறுக்கிறது. உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, இரண்டு மடங்கு பெரியதுபோல் காட்டுகிறது. தொண்டையை உப்புகிறது. சீறுகிறது. வாயை அகலத் திறந்து காட்டுகிறது. இத்தனைக்குப் பிறகும் கை நீண்டுகொண்டே வந்தால்தான் கடிக்கிறது. ஓடித் தப்பக் கால் இல்லை. கொல்ல நஞ்சும் இல்லை. பாவம், அது வேறென்ன செய்யும்? மனிதரில் எத்தனை பேர் கைநீட்டுவதற்கு முன் இத்தனை எச்சரிக்கை செய்கிறார்கள்?

இந்த இடத்தில் அரசியல் மேடைகளின் மீது எனக்கொரு வழக்கு உண்டு. கட்சி மாறியவரைப் பச்சோந்தி என்று திட்டுகிறார்கள். தான் இருக்கும் இடத்துக்கேற்ப நிறத்தை மாற்றி ஏமாற்றுகிறது என்ற எண்ணம். உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. சிவப்புத் துண்டின்மேல் வைத்தால் அது சிவப்பாவதில்லை. கோபம், அச்சம், குளிர், வெயில், துணை தேடும் ஆசை ஆகியவற்றுக்கேற்பவே பெரும்பாலும் நிறம் மாறுகிறது. காலைக் குளிரில் வெயிலை இழுத்துக்கொள்ளக் கறுப்பாகிறது. 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்து, அதில் குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் அடுக்கியிருப்பதையும், அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவு கூடிக் குறையும்போது நிறம் மாறுவதையும் கண்டார்கள். மனத்தில் இருப்பதை மறைக்கிறவனுக்கு, மனத்தைத் தோலின்மேல் எழுதிக்கொண்டு திரியும் பிராணியின் பெயரா? நாம் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள். கடி விழுவதும் அதனால்தான்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் எங்கள் ஊரில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். என் சின்னம்மா மகன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போனவர் ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்து அவனிடம் கொடுத்தார். அவன் அதன் இடுப்பில் நூல்கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் விட்டான். வெட்டுக்கிளி பிடித்துப் போட்டான். கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தான். அன்போடுதான் செய்தான்; அதில் ஐயமில்லை. ஆனால் இலையில் தொங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிக்கும் பிராணிக்குக் கொட்டாங்கச்சித் தண்ணீர் கண்ணில் படுவதே இல்லை. ஒன்பது நாள் அது பெரும்பாலும் கறுத்தே இருந்தது. "எப்பவும் கறுப்பாவே இருக்கே, இது கலரு மாறாத பச்சோந்தியோ?" என்று அவனே கேட்டான். பத்தாம் நாள் தெருப் பையன்கள் கைப்பேசியில் படம் எடுப்பதற்காகச் சிவப்புத் துண்டு, மஞ்சள் துண்டு எல்லாம் கொண்டுவந்தார்கள். அவன் மேலிருந்து கையைப் போட்டு முதுகைப் பிடித்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைக் கவ்வியது. கொஞ்ச நேரம் விடவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அப்பத்தா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். ஒருவர் விளக்குமாற்றோடு பச்சோந்தியைத் தேடினார். ஒருவர் பையன் கையில் கயிற்றை இறுக்கிக் கட்டினார். விஷக்கடிக்கு வேர் கொடுக்கும் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போக ஆட்டோ வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன், அதிலும் விலங்கியல். ஆகவே என்னைக் கேட்டார்கள். "நீ இந்தப் படிப்புத்தானப்பா படிக்கிற. விஷமா இல்லையா, சொல்லு." விஷம் இல்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், ஒரு தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்றேன். சின்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வருசம் படிச்ச நீ சொல்றதக் கேக்குறதா, முப்பது வருசமா விஷம் எறக்குறவரு சொல்றதக் கேக்குறதா?"

ஆட்டோ போய்விட்டது.

அந்தக் கேள்வியை நான் குறை சொல்லமாட்டேன். பெற்ற வயிறு அப்படித்தான் கேட்கும். ஆனால் அதற்குப் பதில் சொல்லாமலும் விடமாட்டேன். பையனுக்கு வேர் அரைத்துக் கொடுத்து, மூன்று நாள் உப்பும் புளியும் இல்லாத பத்தியம் சொன்னார்கள். மூன்று நாளில் காயம் ஆறியது. வேருக்கு நல்ல பேர். ஐந்நூறு ரூபாய் தட்டில் வைத்ததைப் பற்றி நான் பேசவில்லை. நஞ்சில்லாத கடியில் நஞ்சை இறக்கியதாக எழுதப்பட்ட கணக்கைப் பற்றிப் பேசுகிறேன். பச்சோந்தி, அரணை, சாரைப்பாம்பு, தண்ணீர்ப்பாம்பு என்று நஞ்சினால் ஆளைக் கொல்லாதவை எல்லாம் அந்தக் கணக்கில் வெற்றியாக ஏறுகின்றன. நாகமே கடித்தாலும் சில வேளை நஞ்சை இறக்காமல் விட்டுவிடுகிறது; அதுவும் வெற்றியே. முப்பது வருடத்தில் இப்படி எத்தனை வெற்றி சேர்ந்திருக்கும்!

பிறகு ஒருநாள் இரவு, தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் தீண்டுகிறது. பெரிதாக வலியில்லை; பல் பட்ட தடமும் சரியாகத் தெரிவதில்லை. பச்சோந்திக் கடியைக் குணப்படுத்திய இடத்துக்கே அவரையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விடிவதற்குள் மூச்சு நிற்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கக்கூடும் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். மருந்தில்லாமல் இறந்தார்கள் என்றால் மனம் ஆறலாம். மருந்து இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் இருளர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டு எதிர்நஞ்சு மருந்து செய்கிறார்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கேட்பதில்லை. ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சும்மா இருந்த பச்சோந்தியின் தலையில் நஞ்சை ஏற்றியதால் வரும் விபரீதம் இவ்வளவு தூரம் போகிறது.

நண்பர்கள் சிலர், "கடித்தால் ஒன்றுமில்லை என்று நீயே சொல்கிறாய். அப்படியானால் வளர்த்தால் என்ன?" என்று விடுதியில் என்னை மடக்கினார்கள். மேல்நாடுகளில் பச்சோந்தியை வீட்டில் வளர்க்கிறார்களே என்றும் சொன்னார்கள். வளர்க்கிறார்கள். ஏமன் நாட்டு இனத்தையும் மடகாஸ்கர் இனத்தையும் கூண்டிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து விற்கிறார்கள். வெயிலுக்குப் பதில் புற ஊதா விளக்கு, மழைக்குப் பதில் நீர்த்தூவி என்று செலவு செய்கிறார்கள். அங்கும் கடி உண்டு. நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகிய பிராணி. பச்சோந்தியோ தன் இனத்தையே பக்கத்தில் சேர்க்காத தனியன்; கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலே பகை என்று எண்ணிக் கறுத்துச் சீறும். கை நீட்டித் தடவுவதை அது அன்பு என்று எப்படி அறியும்? மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்தின் கால்தான். இதற்கெல்லாம் மேலாக, நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. பிடிப்பதும் குற்றம், அடைத்து வைப்பதும் குற்றம்.

யாரையேனும் கடித்துக் கவ்விக்கொண்டால் பிடித்து இழுக்கவேண்டாம். இழுத்தால் நம் தோலும் கிழியும்; அதன் பல்லும் ஒடியும். ஒடிந்த பல் மறுபடி முளைப்பதில்லை. கையை அசைக்காமல் ஒரு செடியின் அருகிலோ தரையிலோ வைத்தால் தானே விட்டுவிட்டுப் பற்றுக்கோட்டைத் தேடிப் போகும். பிறகு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். ஊர்வன வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளைச் சுமப்பதுண்டு. ஆகையால் சோப்பில் கஞ்சத்தனம் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். கயிறு கட்டவேண்டாம், கீறவேண்டாம்.

சின்னம்மா வீட்டுப் பச்சோந்தி விளக்குமாற்றுக்குத் தப்பியதைச் சொல்ல மறந்துவிட்டேன். கூரைக் கழியில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பத்தியத்தில் இருந்த பையனே ஒரு நீளக் குச்சியை நீட்டி, அதில் தானாக ஏற விட்டு, இடுப்புக் கயிற்றை அறுத்துக் கண்மாய்க் கரைக் கருவேலமரத்தில் சேர்த்தான். கிளையைப் பற்றிய சற்று நேரத்தில் கறுப்பு கலைந்து பச்சையாயிற்றாம். "அண்ணே, அது கலரு மாறுற பச்சோந்திதான்" என்று ஓடிவந்து சொன்னான்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் நம் மாணவர்கள் சாலை செப்பனிடுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரு மாலைப் பொழுதை விஷக்கடிக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நான்கு பாம்புகளின் படங்களும், பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியும், எங்கள் துறை அலமாரியில் இருக்கும் அந்த ஜாடியும் போதும். வாயைத் திறந்து பல்லைக் காட்டினால் சின்னம்மாக்களின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஜாடியைப் பேருந்தில் மடியிலேயே வைத்து உடையாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆய்வக உதவியாளர் சாவியைத் தரவேண்டும்.