மருமகன் எய்த மீன்



எங்கள் பண்டாரவளையில் மீன் என்பது ஐஸ் லொறியில் வந்து சேரும் ஒரு சாமான். சுமார் 4000 அடி உயரத்தில் இருந்துகொண்டு கடலைப் பற்றி நமக்கென்ன தெரியும்? கண் குழி விழுந்திருக்கிறதா, செவுள் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்போம், விலை பேசுவோம். அது எப்படிச் செத்தது என்று மட்டும் கேட்பதில்லை.

வளைகுடா நாடொன்றில் தொழில் பார்க்கும் என் நானாவின் மகன் சில மாதங்களுக்கு முன் ஒரு படம் அனுப்பியிருந்தான். செவுளில் கைவிட்டு, தன் இடுப்பளவு நீளமான ஒரு கலவாயைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டாளிமாரோடு கடலுக்குப் போய், மூச்சைப் பிடித்து முக்குளித்து, ஈட்டித் துப்பாக்கியால் எய்தானாம். "மாமி, கடல் மீன்தானே, ஹலால்தானே?" என்று ஒரு கேள்வி வேறு.

ஹலால்தான். கடலில் வேட்டையாடுவது ஆகுமானது என்று அல்மாயிதா சூரா தெளிவாகவே சொல்கிறது. இஹ்ராம் கட்டியவருக்கும் அது தடையில்லை. ஆனால் அந்தப் பதிலோடு என் மனம் அடங்கவில்லை. கோழி அறுக்கும்போது கத்தி கூராக இருக்கிறதா, மற்றக் கோழி பார்க்கிறதா என்றெல்லாம் கவனிக்கிறோம். மீனுக்கு அறுப்பே இல்லை. சட்டம் அங்கே நம்மைக் கட்டாமல் விட்டதால் மனசாட்சிக்கும் வேலையில்லை என்று எண்ணிவிடுகிறோமோ?

கட்டிவைத்த பறவையை இலக்காக்கி அம்பெய்து விளையாடிய வாலிபர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த ஹதீஸ் நீங்கள் அறிந்ததே. என் மருமகனின் மீன் கட்டிப்போட்டதல்ல. அதை அவர்கள் ஆக்கித் தின்றும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் தின்பதற்காக எய்தானா, படம் பிடிக்க எய்தானா? அதை அவன்தான் சொல்ல வேண்டும்.

நியாயமாகப் பேசினால், லொறி மீன் வாங்கும் எனக்கு அவனைக் குறை சொல்ல அவ்வளவு தகுதியில்லை. வலையில் அகப்பட்ட மீன் நெடுநேரம் துடித்துத்தான் சாகிறது. வலைக்குக் குஞ்சும் தெரியாது, சினையும் தெரியாது. ஈட்டிக்காரன் ஒரு மீனைக் கண்ணால் பார்த்து, இதுதான் என்று தீர்மானித்து எய்கிறான். பதம் தெரிந்தவன் எய்தவுடனே மூளையில் குத்தி முடித்துவிடுவான். அந்த வகையில் ஈட்டி மேல். ஆனால் தீர்மானித்தவன் அவன் என்பதால் பொறுப்பும் முழுக்க அவனுக்கே. ஈட்டியிலிருந்து நழுவிக் காயத்தோடு ஓடிய மீனுக்கும் அவன்தானே பொறுப்பு?

கலவாய் மெதுவாக வளரும் சாதி. பெரும்பாலான வகைகள் முதலில் பெண்ணாக முட்டையிட்டு, வளர்ந்து பெருத்த பிறகே ஆணாக மாறுகின்றன. அதனால் பெரிய மீனாகப் பார்த்துப் பார்த்து எய்தால் அந்த இடத்தில் ஆண் மீனே அருகிவிடும். ஒரே பொந்தில் வாழும் பழக்கம் வேறு. இடம் தெரிந்தவனுக்குத் தப்பாது. கிளிமீன் இன்னும் பாவம். இரவில் பவளப் பாறை இடுக்கில் தூங்கும். டோர்ச் வெளிச்சத்தில் எய்வது வேட்டையே அல்ல. பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்று பவளம் வளர இடம் விடுவது அதுதான். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பவளங்கள் வெளுத்து மடிந்தனவே, அப்படி மடிந்த இடம் மீண்டும் தளிர்க்கவும் இந்த மீன்கள் வேண்டும்.

ஹான்ஸ் ஹாஸ் என்ற ஒஸ்திரிய நாட்டவர் இளமையில் ஈட்டியோடு கடலில் இறங்கியவர்தான். பிறகு கமராவைக் கையிலெடுத்தார். 1957-58இல் தம் கப்பலில் மாலைதீவுப் பக்கம் வந்து பவளத் திட்டுகளை ஆராய்ந்தார். இதை எழுதியனுப்பியபோது மருமகன் சிரிக்கும் பொம்மை ஒன்றை மட்டும் பதிலாகப் போட்டான்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு விஷயம். ஆழத்தில் கூடுதல் நேரம் நிற்பதற்காக, இறங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறானாம். அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பே தோன்றாமல் போகும். பிராணவாயு தீர்ந்து, மேலே வரும்போது திடீரென்று மயக்கம் போடும். நல்ல நீச்சல்காரர்களே இப்படி மௌத்தாகியிருக்கிறார்கள். "தனியே இறங்காதே; நீ முக்குளிக்கும்போது ஒருவன் மேலே நின்று உன்னையே பார்த்திருக்கட்டும். மீன் போனால் போகட்டும். உயிர் அமானிதம், வாப்பா" என்று எழுதினேன். அதற்கு மட்டும் "சரி மாமி" என்று உடனே பதில் வந்தது.

அங்கே இதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமா என்று கேட்டேன். "கூட்டாளிமாருக்குத் தெரியும்" என்றான். நீ விசாரித்தாயா என்றதும் பேச்சில்லை. லீவில் வரும்போது ஈட்டியைக் கொண்டுவந்து அறுகம்பேயில் இறங்கப் போகிறானாம்! இலங்கையில் ஈட்டித் துப்பாக்கியால் மீன்பிடிப்பது சட்டப்படி தடை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

போன கிழமை இன்னொரு படம் வந்தது. இரண்டு பாரை மீன், சட்டியளவுதான். அறையில் ஆறு பேருக்கு ஒருநேரக் கறியாம். அந்தக் கலவாய் இருந்த பொந்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன். போய்ப் பார்த்ததாகவும் ஒன்றும் இல்லை என்றும் எழுதினான்.

மதினிக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது. மகன் கடலில் கால் நனைப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெருநாளைக்கு ஊருக்கு வருகிறான். உம்மாவிடம் அவனே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.