‘அலோ’ என்னும் அயற்கூவல்

மயிலை மாட வீதிகளில் காலையில் நடப்போர் செவியில் இருவகை அழைப்பொலிகள் விழும். கீரைக்கூடை சுமந்து வரும் மூதாட்டி, மாடியில் இருப்போர்க்கும் கேட்குமாறு ‘அம்மாஅஅ, கீரை!’ என்று நீட்டி விளிப்பார். அவரைக் கடந்து செல்லும் கற்றவரோ, கைப்பேசியைக் காதில் அணைத்து ‘அலோ, அலோ’ என்பார். தியாகராயர் நகர் அரங்கநாதன் தெருவின் நெரிசலிலும், அடையாற்றின் அடுக்கு மாடங்களிலும் இவ் ‘அலோ’வே முழங்குகின்றது. ‘ஹ’ என்னும் கிரந்த எழுத்தை முன்னிட்டு எழுதி, அதனை நாகரிகச் சொல்லென்று போற்றுவாரும் உளர்.

அச்சொல்லின் பொருள் யாது? வணக்கமா? நலம் வினவலா? இரண்டும் அன்று, அது வெறுங்கூச்சல். ‘ஓ, அங்கே!’ என்று ஒருவரைக் கூவி நிறுத்தும் பிரஞ்சு மொழியின் ‘ஓலா’வும், வேட்டை நாய்களை ஏவ எழுப்பிய ‘அல்லூ’ என்னும் ஆரவாரமும் ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று உறழ்ந்து, ‘ஒல்லா’, ‘ஒல்லோ’, ‘அல்லோ’ எனப் பல வடிவில் வழங்கின. உரக்கக் கத்துதலைக் குறிக்கும் ‘ஒல்லர்’ என்னும் அமெரிக்க வழக்கும் அவ்வினத்ததே.

இக்கூவல் தொலைபேசியில் ஏறிய கதையும் அறியத்தக்கது. 1876-இல் தொலைபேசிக்கு உரிமம் பெற்ற பெல், கடலோடிகள் கப்பலுக்குக் கப்பல் கூவும் ‘அகோய்’ என்பதையே விரும்பினார். 1877-இல் எடிசன் தம் மடலொன்றில், ‘அலோ’ என்று கூவினால் 10 முதல் 20 அடி வரை கேட்கும். ஆதலின் அழைப்பு மணி வேண்டுவதில்லை என்று கருத்துரைத்தார். ஆக, மணிக்கு மாற்றாக வைக்கப்பெற்ற ஓசை அது. 1882-இல் சென்னையில் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பெற்றது. கருவி வந்தது, கூவலும் வந்தது. இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் மணி இருக்கின்றது. எனினும் கூவல் ஒழிந்தபாடில்லை.

விளித்தற்குச் சொல்லின்றி வாடிய மொழியா தமிழ்? குயில் கூவும், காக்கை கரையும், மயில் அகவும், யானை பிளிறும். ஒருவர் கூவினால் கேட்கும் எல்லையைக் ‘கூப்பிடு தொலைவு’ என்று அளவாக்கியவர் தமிழர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஒன்றை, ‘விளிமரபு’ எனப் பெயரிட்டு அழைத்தற்கே ஒதுக்கினார். நம்பி ‘நம்பீ’ என்றும், நங்கை ‘நங்காய்’ என்றும் விளியேற்கும் நெறி கூறினார். தொலைவில் உள்ளாரை அழைக்குங்கால் ஒலி தன் அளவின் நீளும் என்பதையும் விதந்தோதினார். ஏட்டைத் தொட்டறியாத கீரைக்கார மூதாட்டி ‘அம்மாஅஅ’ என நீட்டுவது அவ்விலக்கணமே அன்றோ! மேலும், ‘அம்ம’ என்னும் இடைச்சொல் கேட்பிக்கும் பொருளது என்றார் அவர். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய பகுதிகளுள் ‘அம்மவாழிப் பத்து’ என்றே ஒன்று உண்டு. ‘கேள்’ என்று செவியைத் திருப்பும் சொல் தமிழில் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இருந்தது.

‘அலோ’ என்பதே கலித்தொகையிற் பயிலும் ‘எல்லா’ என்னும் நம் விளியினின்று பிறந்தது என்று மகிழ்வார் சிலர். ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது. தொலைவில் உள்ளானைக் கூவுங்கால் எந்நாட்டார் வாயும் ‘ஓ’ என்றும் ‘ஆ’ என்றுமே திறக்கும். அன்றியும், தன் பாட்டன் பொருள் அயலானிடம் உள்ளதெனப் பெருமை பேசிக்கொண்டே தன் வீட்டிற் பட்டினி கிடப்பவன் அறிவுடையவனா?

சப்பானியர் தொலைபேசியில் ‘மோசி மோசி’ என்பர். சொல்லுதலைக் குறிக்கும் அவர்தம் சொல் அது. இத்தாலியர் ‘அணியம்’ என்னும் பொருளில் ‘புரொந்தோ’ என்பர். இசுப்பானியர் ‘சொல்க’ என்னும் பொருளில் ‘தீகா’ என்பர். கருவி அவர்கட்கும் அயலதே. எனினும் அவர்தம் நா அயலதாகவில்லை.

ஒரு சொல்லால் என்ன கேடு என்பார்க்கு ஒரு விடை. மழலை மாறாக் குழந்தை கையைக் காதில் வைத்துத் தொலைபேசி விளையாட்டு ஆடுங்கால், முதலில் ‘அலோ’ என்றே கூறுகின்றது. பேச்சின் வாயிலே அயன்மொழியானால் உள்ளே நுழைவதும் அயன்மொழியே ஆகும். அறியாதார் அழைப்பின் ‘வணக்கம்’ என்க. அறிந்தார் அழைப்பின் ‘சொல்லுங்கள் அண்ணா’, ‘சொல்லுங்கள் அக்கா’ என்க. கீரைக்கூடை சுமக்கும் மூதாட்டி காத்துவரும் தமிழைக் கைப்பேசி சுமப்பார் கைவிடலாமா? கருவி எவரதாயினும் ஆகுக. அதிற் புகும் முதற்சொல் தமிழாகுக!