தாயைக் கொன்றுதான் கதை தொடங்க வேண்டுமா?

சிறுவருக்கென வரும் சித்திரப் படங்களில் தாய் தந்தையர் நெடுநாள் வாழ்வதில்லை. 1942-இல் வெளிவந்த 'பாம்பி'யில் மான்குட்டியின் தாய் வேடரின் துப்பாக்கிக்கு இரையாகிறது. குட்டியின் துயர் ஆறுமுன் அடுத்த காட்சியிலேயே வசந்தம் வந்து பறவைகள் பாடுகின்றன. 1994-இல் 'தி லயன் கிங்' தந்தைச் சிங்கத்தைப் பலிகொண்டது. 2013-இல் வந்த 'ஃப்ரோஸன்' ஒரு பாட்டின் நடுவிலேயே அரசனையும் அரசியையும் கடலில் மூழ்கடித்துவிட்டது.

பெற்றோர் உடனிருந்தால் பிள்ளை வீரச் செயலுக்குப் புறப்படாது. ஆதலால் அவர்களை அகற்றியே தீரவேண்டும் என்று வாதாடுவோர் உளர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. அநாதையின் துயரைச் சொல்வது இலக்கியம். கதைக்கு வழிவிடுவதற்காகவே பெற்றோரைச் சாகடிப்பது சோம்பல். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வும் தொடக்கத்திலேயே தாயைப் பறித்தது. எனினும் மகனைத் தேடிக் கடலெல்லாம் அலையும் தந்தையை அது மறக்கவில்லை. 2004-இல் 'தி இன்கிரெடிபிள்ஸ்' தாய் தந்தை இருவரையும் பிள்ளைகளோடு களத்தில் நிறுத்தியது. அதனால் சுவை குன்றிற்றா?

பெற்றோரே! படங்களைத் தடுக்குமாறு நாம் கூறவில்லை. பிள்ளைகளைத் திரைமுன் அமர்த்திவிட்டு அகன்று போகாதீர் என்றே வேண்டுகிறோம். "அந்தக் குட்டியோட உம்மா மௌத்தாப் போச்சே, இனி அது யாருகிட்டப் போகும்?" என்று பிள்ளை கேட்கும்போது விடை சொல்ல யார் இருக்கிறார்? திரையில்தான் பெற்றோர் இல்லை. வீட்டிலுமா இல்லாது போவது?