இருவராய் மலைக்குப் புறப்படுமுன்



மாத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். திருமணமாகி நான்கு வருடம். கணவருக்குக் காடு, மலை என்றால் உயிர். இதுவரை நண்பர்களோடு போய் வந்தவர், இப்போது "நீயும் வா, இரண்டு பேருமாகக் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வருவோம்" என்கிறாராம். மாமிக்கோ இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. "எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

மாமியை நான் குறை சொல்ல மாட்டேன். கணவர் குறிப்பிடும் நக்கிள்ஸ் மலைத்தொடர் பூங்கா அல்ல. மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப் போல் தெரிவதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர். தென்மேற்குப் பருவமழையும் வடகீழ்ப் பருவமழையும் இரண்டுமே அங்கே பெய்யும். காலையில் வெயில் அடித்த இடத்தில் பின்னேரம் கை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம் இறங்கும். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட காடு என்பதால் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கவும் முடியாது. வனத் திணைக்களத்தின் அனுமதியும், ஊரறிந்த வழிகாட்டி ஒருவரும் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

என் முதல் பயணத்தைச் சொல்கிறேன். அதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது எல்லாம் இருக்கிறது, பெரும்பாலும் செய்யக் கூடாதவை.

இவரும் நானும் அதே நக்கிள்ஸுக்குத்தான் போனோம். அவர் முதுகில் பதினாறு கிலோ, என் முதுகில் பதினொன்று. போதாக்குறைக்கு நான் ஒரு சில்வர் சட்டியும் மூடியும் கட்டியிருந்தேன். சோறாக்காமல் இரண்டு நாள் எப்படி என்று மனம் கேட்கவில்லை. காலில் கடையிலிருந்து வந்து ஒரு கிழமையும் ஆகாத புதுச் சப்பாத்து. ஏழு மணிக்கு ஏறத் தொடங்க வேண்டியவர்கள், பதினொரு மணிக்குத்தான் தொடங்கினோம்.

ஒரு மணி நேரத்திலேயே குதிக்காலில் கொப்புளம் வந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. மூன்று மணியளவில் பனி இறங்கியபோது வழிகாட்டி, திரும்பினால் நல்லது என்றார். இவர் என்னைப் பார்த்து "முடியுமா?" என்றார். "முடியும்" என்றேன். அந்த ஒரு சொல்லால் இன்னும் ஒரு மணி நேரம் மேலே போனோம். பிறகு மழை. திரும்பி இறங்கும்போது மஃரிபும் ஆகிவிட்டது. இரண்டு டோர்ச்சில் ஒன்றுக்குப் பற்றரி இல்லை. வழுக்குப் பாறையில் ஒருவர் வெளிச்சம் காட்ட, மற்றவர் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க, கிராமத்தை அடைய இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. சப்பாத்தைக் கழற்றியபோது மேசு இரத்தத்தோடு ஒட்டியிருந்தது.

"ஏன் சொல்லவில்லை?" என்று கோபித்தார். நானும் கோபித்தேன். அப்புறம்தான் அவரே சொன்னார்: அவருக்கும் முழங்கால் வலித்ததாம். நான் முடியும் என்றதால் அவரும் பேசாமல் நடந்தாராம்!

தலைவலி, இடுப்புவலி என்று எதையும் வெளியே காட்டாமல் அடுப்படியில் நின்று பழகியவர்கள் நாம். வீட்டில் அது பொறுமை என்று பெயர் வாங்கித் தரலாம். மலையில் அது இரண்டு பேரின் உயிருக்கும் ஆபத்து. அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுவோம். அந்த நேரம் வந்தால் சிகரம் கண்ணுக்கு எதிரே நின்றாலும் திரும்புவோம். இருவரில் ஒருவர் "போதும்" என்றால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. முன்னால் நடப்பவர் மெதுவாக நடப்பவரே. அதாவது நான்தான்.

நேரத்தைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஆறு கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் என்றால் இரண்டேகால் மணி நேரம் வரும். அது சுமையில்லாத, பழகிய காலுக்கு. நம் ஈரக்காட்டில், முதுகுப்பையோடு, புதிதாக நடப்பவருக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். நம் நாட்டில் வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஆகவே சகோதரி, முதலில் நக்கிள்ஸ் வேண்டாம். ஹோட்டன் சமவெளிக்குப் போங்கள். 2,100 மீற்றருக்கு மேல் குளிர் எப்படியிருக்கும் என்று உடம்புக்குத் தெரியும். உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீற்றர், வழி தெளிவானது. விடியற்காலையில் நுழைந்துவிடுங்கள், ஒன்பது பத்து மணிக்குமேல் பனி மூடினால் உலக முடிவில் வெள்ளைத்திரை மட்டும்தான் தெரியும். தங்கப் போவதில்லையென்றாலும் தங்குவதற்கான சுமையைத் தூக்கிக்கொண்டு நடங்கள். அதற்கு முன் வீட்டிலேயே ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டு, ஒரு மாதம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐம்பது கிலோ பெண்ணுக்குப் பத்து கிலோ, அதுவும் பழகிய பிறகு. கூடாரத்தை ஒருவரும், அடுப்பையும் சாப்பாட்டையும் மற்றவரும் தூக்கலாம். ஆனால் டோர்ச், தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் பேரீச்சம்பழம் இவை நான்கும் இருவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும். ஒருவரையொருவர் தவறவிட்டால்? அதற்காகத்தான். அங்கே பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. சட்டியை வீட்டில் விடுங்கள். ரொட்டியும் சீனிச்சம்பலும் முதல் நாளுக்குப் போதும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நிலம் தொடும் அபாயா அங்கே உதவாது. நனைந்தால் பாரம், முள்ளில் சிக்கும், இறக்கத்தில் காலில் மிதிபடும். முழங்காலுக்குக் கீழ் இறங்கும் தளர்ந்த மேற்சட்டையும் அகலக் காற்சட்டையும், ஊசியில்லாமல் கட்டும் ஸ்கார்பும் போதும். பருத்தி வேண்டாம், அது நனைந்தால் காயாது. இரவில் நடுங்க வைக்கும். ஒரு ஜோடி உலர்ந்த உடுப்பைப் பொலித்தீனில் சுற்றி, தூங்குவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். (ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைச் சோதிப்பார்கள், அங்கே துணிப்பை கொண்டு போங்கள்.) மாதவிலக்குக்கான பொருட்களை, நாள் இல்லாவிட்டாலும் எடுத்துப் போங்கள். ஏற்றத்தில் உடம்பு நாட்காட்டி பார்ப்பதில்லை. பாவித்ததைக் காட்டில் புதைக்காமல் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் ஓடும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அவ்வளவுதான். நகத்தை அடியில் கொடுத்துத் தள்ளினால் விடும். மேசின்மேல் ஈரச் சவர்க்காரம் பூசிக்கொண்டால் கொஞ்சம் குறையும். ஓடைக்கரையில் வுழூச் செய்யும்போதுதான் கூட ஏறும், காலைப் பார்த்துச் சப்பாத்தை மாட்டுங்கள். கிப்லாவுக்கென்று வாங்கிய திசைகாட்டி பாதைக்கும் உதவும். உண்மையில் பயப்பட வேண்டியது சிங்களத்தில் குணக்கட்டுவா என்னும் சிறு விரியனுக்கு. காய்ந்த இலையின் நிறத்தில் கிடக்கும். பார்க்காமல் கையை ஊன்றாதீர்கள், விறகு பொறுக்காதீர்கள்.

மழை நாளில் ஓடையைக் கடக்க வேண்டாம். மேலே பெய்வது கீழே இருப்பவருக்குத் தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் எத்தனை இடங்கள் சரிந்தன என்று கண்டோம். பழைய பாதை இன்னும் இருக்கிறது என்று நம்பிப் போகாமல், மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

மாமியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போகும் இடம், வழிகாட்டியின் தொலைபேசி எண், திரும்பும் நாளும் நேரமும், அந்த நேரம் தாண்டினால் அழைக்க வேண்டிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. என் மாமி அப்படியொரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தார். நாங்கள் கதவைத் தட்டியபோது கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் இருபது நிமிடம் இருந்தது" என்றார், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே.