பீரோ வாங்க டெல்லி ரெடி... பட்டறை ரெடியா?

கோவையிலிருந்து ஒரு வாசகி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "அப்பா 20 வருஷமா இரும்பு பீரோ, கட்டில் செய்யற பட்டறை வெச்சிருக்காங்க. எங்க ஏரியாவுல இருக்கற சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீஸுக்கு எங்கிருந்தோ லாரியில பீரோ வந்து இறங்குது. எங்களை மாதிரி சின்ன ஆளுங்க அதுக்கெல்லாம் டெண்டர் போட முடியுமா? யாரையாவது தெரிஞ்சிருக்கணுமா?"

போட முடியும். யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால், விலை போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லாம் 'ரிஜிஸ்டர் பண்ணுங்க, ஆர்டரை அள்ளுங்க' என்பதோடு வீடியோவை முடித்துவிடுகிறார்கள். பட்டறைக்குத் தலைவலி ஆரம்பிப்பதே ஆர்டர் வந்த பிறகுதான்.

முதலில், வாங்குவது யார் என்று பார்ப்போம். மத்திய அரசு என்றதும் டெல்லி என்று நினைக்க வேண்டாம். பெரம்பூர் ஐ.சி.எஃப்., ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., சேலம் உருக்காலை, மெட்ராஸ் ஐ.ஐ.டி., உங்கள் ஊர் கேந்திரிய வித்யாலயா... இவை எல்லாமே மத்திய அரசின் பணத்திலோ, மத்திய அரசு நிறுவனத்தின் பணத்திலோ பொருள் வாங்குபவைதான். நட்டு, போல்ட்டில் இருந்து நாற்காலி, சோப்பு, துடைப்பம் வரை எல்லாமே இவற்றுக்குத் தேவை.

இந்தக் கொள்முதலுக்கான பெரிய கடைத்தெரு, 2016 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'ஜெம்' என்ற அரசு மின் சந்தை. பிளிப்கார்ட், அமேசான் மாதிரிதான். வாங்குகிறவர் மட்டும் அரசு. ஜெம்மில் கிடைக்கிற பொருளை ஜெம்மில்தான் வாங்க வேண்டும் என்று 2017-ல் வந்த பொது நிதி விதிகள் அமைச்சகங்களுக்குச் சொல்கின்றன. ரயில்வேக்கு 'ஐரெப்ஸ்' என்று தனித் தளமும் உண்டு. மற்ற டெண்டர்கள் மத்திய பொதுக் கொள்முதல் தளத்தில் வெளியாகும். பீரோ பட்டறைக்கு ஜெம்மில் இருந்து தொடங்குவதே சுலபம் என்பதால் இங்கே அதைப் பற்றியே பேசுகிறேன்.

அங்கே மூன்று விதமாக வாங்குகிறார்கள். தொகை சின்னது என்றால், அதிகாரி தளத்தில் இருக்கும் எந்த விற்பனையாளரிடமும் நேரடியாக வாங்கலாம். கொஞ்சம் பெரிய தொகை என்றால், குறைந்தது மூன்று உற்பத்தியாளர்களின் பொருள்களை ஒப்பிட்டுக் குறைந்த விலைக்காரரிடம் வாங்க வேண்டும். அதற்கும் மேலே போனால் டெண்டர் அல்லது ரிவர்ஸ் ஆக்‌ஷன். இந்த வரம்புகள் ஒரு கட்டத்தில் 25,000 ரூபாய், 5 லட்சம் ரூபாய் என்று இருந்தன, பின்னர் உயர்த்தப்பட்டிருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வகைதான் நல்ல பள்ளிக்கூடம். பக்கத்து ஊர் ஆபீஸுக்கு இரண்டு பீரோ போட்டுப் பார்த்தால், பில் எப்படிப் போகிறது, பணம் எப்படி வருகிறது என்பது சின்னச் செலவில் புரிந்துவிடும். 10 லட்ச ரூபாய் வரையிலான ஆர்டருக்கு ஜெம்முக்குப் பரிவர்த்தனைக் கட்டணமும் கிடையாது.

சலுகை இருக்கு... ஆனா யாருக்கு?

2012-ல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் வருடாந்தரக் கொள்முதலில் குறிப்பிட்ட பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பதுதான் அது. ஆரம்பத்தில் 20 சதவீதம், இப்போது 25. அதற்குள்ளேயே 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு, 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு.

இதைச் சிலர் 'ஒவ்வொரு டெண்டரிலும் கால்வாசி நமக்குத்தான்' என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. இது துறை மொத்தமாக ஆண்டு முடிவில் காட்ட வேண்டிய கணக்கு. உங்கள் டெண்டரில் நடப்பது வேறு. மிகக் குறைந்த விலை போட்டவர் பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், 'அதே விலைக்கு இறங்கி வருகிறீர்களா' என்று உங்களைக் கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் ஆர்டரில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். இறங்கி வரவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். உங்கள் கூடுதல் விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

பீரோ பட்டறைக்கு இன்னொரு நல்ல செய்தி. 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தீப்பெட்டி, குடை, துடைப்பம், ஊறுகாய் வரிசையில் இரும்பு பீரோவும் அதில் உண்டு. அங்கே பெரிய கம்பெனி போட்டிக்கு வராது. உங்களைப் போலவே லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் இருக்கும் பட்டறைக்காரர்கள் வருவார்கள்.

சலுகைக்குச் சாவி, உத்யம் பதிவு. ஆதார், பான் இருந்தால் ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். கூகுளில் 'உத்யம்' என்று தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கும் தளங்கள் வரும். முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஆண்டு விற்பனை 10 கோடி வரை, இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி வரை என்றால் நீங்கள் 'குறு'. 100 கோடி, 25 கோடி வரை 'சிறு'. அதற்கு மேல் 'நடுத்தரம்' ஆகிவிட்டால் இந்தக் கொள்முதல் சலுகை இல்லை.

வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இல்லை. உத்யம் சான்றிதழ் கையில் இருந்தாலும், 'டிரேடர்' என்று பதிவாகியிருந்தால் கிடைக்காது. தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும் மட்டும்தான். பெண்களுக்கான பங்கிலும் ஒரு விஷயம்: உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும், கூட்டு நிறுவனம் என்றால் 51 சதவீதமாவது பெண்கள் கையில் இருக்க வேண்டும். (அம்மா பெயரில் கம்பெனி வைத்துவிட்டு, செக் புக்கை மட்டும் அம்மா கண்ணில் காட்டாத வீடுகள் நிறைய. அம்மாவுக்கே லாகின் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் என்ன?)

டெண்டர் ஆவணத்தைத் திறந்ததும், முன்னனுபவம், ஆண்டு விற்பனை ஆகிய நிபந்தனைகளில் சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா என்ற கட்டத்தைப் பாருங்கள். 'ஆம்' என்றால் மேலே படிக்கலாம். 'இல்லை' என்று இருந்து, கேட்கும் அனுபவம் உங்களிடம் இல்லாவிட்டால், அன்றைய ராத்திரித் தூக்கம் மிச்சம். அடுத்த டெண்டருக்குப் போங்கள்.

40 பீரோ கணக்கு

இனி, வீடியோக்கள் சொல்லாத பகுதி. எல்லாம் சும்மா ஓர் உதாரணத்துக்குப் போட்ட எண்கள்தான். உங்கள் பட்டறை எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஹைதராபாத்தில் ஓர் அலுவலகத்துக்கு 40 பீரோ. வரி இல்லாமல் ஒன்று 12,000 ரூபாய் என்று விலை போடுகிறீர்கள். தகடு, பெயின்ட், பூட்டு, கூலி எல்லாம் சேர்த்து உங்களுக்கு அடக்கம் 10,500. ஒரு பீரோவுக்கு 1,500 லாபம். 40-க்கு 60,000. நல்ல ஆர்டர் மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் ஜெம்மில் போடும் விலை, பொருளை அவர்கள் வாசலில் கொண்டுபோய் இறக்கும் வரைக்குமான விலை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 25,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 35,000. அடக்கத் தொகையான 4,20,000 ரூபாயை 12 சதவீத வட்டிக் கடனில் போட்டிருக்கிறீர்கள். தகடு வாங்கிய நாளில் இருந்து பணம் வரும் நாள் வரை மூன்று மாதம் என்றால் வட்டி 12,600. மீதி 22,400. பெயின்டர் ஊருக்குப் போய்விட்டார், இரண்டு வாரம் தாமதம். தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம் அபராதம், அதிகபட்சம் 10 சதவீதம் வரை போகும். இரண்டு வாரத்துக்கு வரியோடு சேர்ந்த மதிப்பில் சுமார் 5,600 போய்விடும். மீதி 16,800.

இப்போது ரிவர்ஸ் ஆக்‌ஷன் நடந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். திரையில் யாரோ முகம் தெரியாத ஆள் 100 ரூபாய் குறைக்கிறார். நீங்கள் 100 குறைக்கிறீர்கள். அவர் மறுபடியும். கடிகாரம் ஓடுகிறது. 'சரி, முதல் ஆர்டர்தானே' என்று பீரோவுக்கு 500 ரூபாய் இறங்கினீர்கள் என்றால், 40 பீரோவுக்கு 20,000. இருந்த 16,800-ம் போய், கையில் இருந்து 3,200 வைக்க வேண்டும். டெண்டரில் ஜெயித்த செய்தியை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, எல்லோரும் பூங்கொத்து ஸ்டிக்கர் அனுப்பிய அதே ஆர்டர் இது.

அதனால், இறங்கக்கூடிய கடைசி விலையை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த எண் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

கணக்கில் சேராத இரண்டு விஷயம் இன்னும் இருக்கிறது. டெண்டர் முன்வைப்புத் தொகையில் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு கேட்கும் செயல்திறன் உத்தரவாதத்துக்கு விலக்கு இல்லை. டெண்டரில் கேட்டிருந்தால் அந்தத் தொகைக்கு பேங்க் கேரன்ட்டி தர வேண்டும், அதற்கு வங்கி உங்களிடம் டெபாசிட் கேட்கும். இரண்டாவது, ஜி.எஸ்.டி. அரசு பணம் தந்தாலும் தராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், அரசுத் துறை பணம் தரும்போது 2 சதவீதத்தை ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். ஆகப் பிடிக்கும். நம் உதாரணத்தில் அது 9,600 ரூபாய். தொலைந்துபோகாது, உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் வந்து நிற்கும். ஆனால் சனிக்கிழமை கூலி கொடுக்க அதை எடுக்க முடியாது.

பணம் எப்போ வரும்?

பொருள் இறங்கியதும், 'வந்து சேர்ந்தது' என்று தற்காலிகச் சான்று. பிறகு சரிபார்த்து, 'ஏற்றுக்கொண்டோம்' என்று ஒரு சான்று. சுருக்கமாக 'கிராக்' என்பார்கள். இதைப் பொருள் வந்த 10 நாளுக்குள் தர வேண்டும். தந்த 10 நாளுக்குள் பணம் போட வேண்டும் என்பது ஜெம் விதி. நடைமுறையில் கிராக் எங்கேயாவது ஒரு மேசையில் மாட்டிக்கொள்ளும். பொறுப்பு அதிகாரி மாறுதலில் போயிருப்பார், ஒரு பீரோவின் பூட்டு சரியில்லை என்று 40-க்கும் கையெழுத்து நிற்கும். பொருளோடு உங்கள் ஆள் ஒருவரையும் அனுப்பி, பூட்டு, கைப்பிடி, கீறல் எல்லாம் அங்கேயே சரிசெய்து, படம் எடுத்து, தேதியுடன் கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். அந்த ஆளின் பஸ் டிக்கெட்தான் மொத்த ஆர்டரிலேயே லாபமான செலவு.

அப்படியும் வரவில்லை என்றால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பொருளை ஏற்றுக்கொண்டதில் இருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. 'நாங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவே இல்லை' என்று இழுத்தடிக்கவும் வழியில்லை. பொருள் இறங்கிய 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்காகும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி.

புகார் செய்ய அரசின் ஆன்லைன் தளம் இருக்கிறது. அங்கே கொடுக்கும் மனு மாநிலத்தின் வசதி மன்றத்துக்குப் போகும். முதலில் சமரசம், அது முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இவ்வளவு வலுவான சட்டம் இருந்தும் 'புகார் கொடுத்தா அடுத்த ஆர்டர் வராதே' என்ற பயம் பலரைத் தடுக்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனால், பணம் தராதவரின் அடுத்த ஆர்டர் வந்து என்ன ஆகப்போகிறது?

சண்டைக்குப் போக மனமில்லாதவர்களுக்கு 'ட்ரெட்ஸ்' என்று ஒரு வழி. வாங்கிய பொதுத்துறை நிறுவனம் உங்கள் பில்லை அந்தத் தளத்தில் ஒப்புக்கொண்டால், வங்கிகள் ஏலம் கேட்டுக் கொஞ்சம் கழிவுடன் பணத்தை முன்கூட்டியே தந்துவிடும். பிறகு வசூல் செய்வது வங்கியின் வேலை. ஆர்டர் எடுக்கும் முன்பே 'நீங்கள் ட்ரெட்ஸில் இருக்கிறீர்களா' என்று கேட்டுவிடுங்கள்.

இன்று செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று: அப்பாவின் உத்யம் சான்றிதழை எடுத்து அதில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். பல பட்டறைகளில் அது, என்றைக்கோ பதிவு செய்து கொடுத்த பிரவுசிங் சென்டர் பையனின் எண்ணாக இருக்கும். ஆன்லைனில் புகார் மனு போடும்போது ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்.