எட்டுப் போட்டால் போதுமா?

இருசக்கர வாகன உரிமம் வேண்டி வரும் இளைஞன், காலைத் தரையில் ஊன்றாமல் எட்டின் வடிவில் வண்டியைச் சுற்றிக் காட்டுகிறான், தேர்வு முடிகிறது. வண்டி சாயாமல் மெதுவாகச் செலுத்தத் தெரியும் என்பதே அதனால் விளங்குவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது குறுக்கே ஒரு கார் திரும்பினால் அவன் என்ன செய்வான் என்பதை எட்டு சொல்லாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் 100-க்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

நம் இல்லங்களில் வண்டி ஓட்டக் கற்பிப்போர் யாவர்? தந்தை, தமையன், தாய்மாமன், இல்லையேல் அடுத்த தெரு நண்பன். அன்போடுதான் கற்பிக்கின்றனர். அவ்வன்போடு சேர்ந்து ஓர் எச்சரிக்கையும் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது: “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்.” பெற்றோர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய வாக்கு இது.

அமெரிக்காவில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தம் குழுவினருடன் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக நுணுகி ஆராய்ந்தார். அறிக்கை 1981-இல் வெளிவந்தது. விபத்துக்குள்ளானோரில் 100-க்கு 92 பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ, நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து தோன்றியபின் பெரும்பாலோர்க்குக் கிடைத்த அவகாசம் 2 விநாடிக்கும் குறைவு. அதற்குள் அவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டனர். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. விலகித் தப்பும் திறனோ ஏறக்குறைய எவரிடமும் இல்லை. பிற வாகனங்களோடு நேர்ந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு கார் ஓட்டியவரின் பிழை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. ஆயினும் எலும்பு முறிந்தது மோட்டார் சைக்கிளில் வந்தவனுக்கே.

வண்டி நிற்க முனையும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பேருந்து சட்டென நின்றால் நின்றிருப்போர் முன்னே சாய்வதில்லையா, அதுபோல. முன் சக்கரம் சாலையை அழுத்திப் பற்றுகிறது. பின் சக்கரம் இலேசாகிப் பிடி தளர்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். அதன் பிறகு, உலர்ந்த நல்ல சாலையில், பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்க இன்னும் 40 மீட்டர் அளவு வேண்டும். இரண்டையும் முறையாகப் பிடித்தால் 20 மீட்டர் அளவு போதும். மாமா சொன்னதில் உண்மை அறவே இல்லை என்பதன்று. மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி விழும். பிடிக்காதே என்று அஞ்ச வைப்பதைவிட, பழத்தைப் பிழிவதுபோல் மெல்லத் தொடங்கி அழுத்தத்தை ஏற்றக் கற்பிப்பதே முறை. 2019 முதல் 125 சி.சி.-க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று. வீடுகளில் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் அது இல்லை.

விலகுவதும் இவ்வாறே கற்க வேண்டிய ஒன்று. ஓடும் வண்டியை இடப்புறம் சாய்க்க, இடக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது சக்கரம் ஒரு கணம் வலப்புறம் திரும்ப வேண்டும். கேட்போர்க்கு இது விந்தையாகத் தோன்றும். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் வணிகர்கள். அவர்களுள் வில்பர், பலரிடம் ‘இடப்புறம் எவ்வாறு திரும்புகிறீர்கள்?’ என்று கேட்டும் சரியாக விளக்கிய ஒருவரையும் காணவில்லையாம். எல்லோரும் அறியாமலே செய்கிறார்கள். அச்சம் வரும்போதோ கை மறந்துவிடுகிறது, கண் ஆபத்தையே வெறிக்கிறது, வண்டியும் கண் போன வழியே போகிறது.

எனினும் எல்லாப் பயிற்சியும் நன்மை தராது. நார்வே நாட்டில் கார் ஓட்டுவோர்க்கு வழுக்குதளப் பயிற்சியைக் கட்டாயமாக்கிப் பார்த்தபோது, இளம் ஆண்களிடையே விபத்து கூடிற்று என 1988-இல் ஓர் ஆய்வு காட்டியது. வித்தை கைவந்ததும் துணிவு மிஞ்சிவிட்டது போலும்! ஆகவே பிரிட்டனின் காவல்துறைப் பயிற்சி மரபையே நாம் மெச்சுகிறோம். 1930-களில் லண்டனின் ஹெண்டனில் தொடங்கிய அம்மரபு கைக்கு முன்னே கண்ணைப் பழக்குகிறது. முதலில் சாலையைப் படித்தல். பிறகு வண்டி நிற்க வேண்டிய இடம், வேகம், கியர், கடைசியிலேயே முடுக்கம். வளைவில் சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுகூடுவதாகத் தோன்றும் புள்ளியை அவர்கள் நோக்குகிறார்கள். அப்புள்ளி நம்மை நெருங்கினால் வேகம் மிகுதி. அகன்று சென்றால் வளைவு நிமிர்கிறது. நம் மலைப்பாதைகளுக்கு இதனினும் எளிய அளவுகோல் இல்லை.

நம் நாட்டிலும் சில வாகன நிறுவனங்கள் பயிற்சிக் களங்கள் நடத்துகின்றன. அண்மையில் இருப்பின் மகனையும் மகளையும் அனுப்பலாம். இயலாதவர்கள், ஆளற்ற தார்த்தளம் ஒன்றில், தலைக்கவசமும் காலணியும் அணிவித்து, முதலில் 20, பிறகு 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராகச் சென்று இரு பிரேக்கையும் பிடித்து நிறுத்தச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடிடுக. பத்து முறைக்குள் கோடுகள் நெருங்கி வரும். கை நன்கு பழகியபின், பின்னிருக்கையில் ஒருவரை அமர்த்தி, மீண்டும் 20-இல் இருந்து தொடங்குக. பின்பாரம் கூடினால் பின் பிரேக்கின் பிடி வேறாகும்.